தேடிப் பார்த்தோம், இல்லை

2016 ஜூலை 22-ம் தேதி காலை தாம்பரத்திலிருந்து போர்ட் பிளேருக்குக் கிளம்பிய விமானப்படையின் ஏ.என்.-32 விமானம், வங்காள விரிகுடாவுக்கு மேலே போய்க்கொண்டிருக்கும்போதே காணாமல் போனது. உள்ளே 29 பேர். கப்பல்கள் போயின, விமானங்கள் போயின, வாரக்கணக்கில் தேடினார்கள். கடைசியில் வீட்டுக்காரர்களுக்குக் கிடைத்த பதில் ஒன்றுதான்... தேடிப் பார்த்தோம், இல்லை.

ஏழரை வருடம் கழித்து, 2024 ஜனவரியில், பாதுகாப்பு அமைச்சகம் ஒரு செய்தி வெளியிட்டது. சென்னைக் கரையிலிருந்து சுமார் 310 கிலோமீட்டர் தள்ளி, 3400 மீட்டர் ஆழத்தில், கடல் தரையில் ஒரு விமானத்தின் உடைந்த பாகங்கள் கிடக்கின்றன. அந்தப் பக்கத்தில் வேறு எந்த விமானமும் விழுந்ததாகப் பதிவு இல்லை. ஆகவே இது அந்த ஏ.என்.-32 ஆகத்தான் இருக்க வேண்டும். படம் பிடித்தது நம் பள்ளிக்கரணையில் இருக்கிற தேசிய கடல் தொழில்நுட்பக் கழகத்தின் ஆளில்லா நீர்மூழ்கி. வேளச்சேரி - தாம்பரம் சாலையில் பஸ்ஸில் போகிற எத்தனை பேர் அந்த கேட்டைக் கவனித்திருப்பார்களோ தெரியாது.

"ரோபோ கண்டுபிடித்தது" என்கிற மாதிரிதான் இந்தச் சமாச்சாரம் எல்லோர் வாயிலும் வந்தது. இங்கேதான் ஒரு சின்னத் தகராறு. ரோபோ எதையும் கண்டுபிடிப்பதில்லை. "இங்கே போ, இந்த உயரத்தில் போ, இவ்வளவு இடைவெளி விட்டுத் திரும்பு, இன்ன ஆபத்து வந்தால் வேலையை விட்டுவிட்டு மேலே வா" என்று கப்பலில் உட்கார்ந்திருக்கிற ஒருவர் தட்டிக் கொடுத்த எண்களை அது நிறைவேற்றுகிறது. கண்டுபிடித்தால் பெருமை யாருக்குப் போனாலும் பரவாயில்லை. கண்டுபிடிக்காமல் திரும்பினால்தான் சிக்கல். அப்போது "மெஷின் தேடிவிட்டது, இல்லை" என்று சொல்லிவிடுகிறார்கள். அந்த "இல்லை"க்குப் பின்னால் இருக்கிற எண்கள் யாருக்கும் சொல்லப்படுவதில்லை. அவற்றையும் சேர்த்துச் சொல்லாத வரை, "இல்லை" என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை என்பதுதான் இந்தக் கட்டுரையின் கட்சி.

முதலில் இந்த ஜந்து எப்படி வேலை செய்கிறது என்று பார்த்துவிடலாம். ஏ.யு.வி. என்று சொல்வார்கள். பெரும்பாலும் டார்ப்பிடோ மாதிரி நீளமாக இருக்கும். கப்பலோடு வயர் கிடையாது. உள்ளே பேட்டரி, பின்னால் ஒரு புரொப்பெல்லர், வயிற்றில் சோனார். தண்ணீருக்குள் ரேடியோ அலை போகாது, அதனால் ஜி.பி.எஸ். கிடையாது, ரிமோட் கண்ட்ரோலும் கிடையாது. ஒலி மட்டும்தான் போகும். ஒலி வழியாகக் கப்பல் அனுப்புகிற தகவல், அந்தக் காலத்து டயல்-அப் மோடத்தை விடவும் மெதுவாக, சொட்டுச் சொட்டாகத்தான் போய்ச் சேரும். எனவே சொல்ல வேண்டியதை எல்லாம் இறக்குவதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும். அதைத்தான் மிஷன் செட்டிங்ஸ் என்கிறார்கள்.

கம்ப்யூட்டரில் ஒரு கடல் வரைபடம். அதன் மேல் ஒரு செவ்வகம் போடுகிறார்கள். செவ்வகத்துக்குள் மென்பொருள் தானாகவே கோடுகளை இழுக்கிறது. இந்த முனையிலிருந்து அந்த முனை, திரும்பி அடுத்த கோடு, மறுபடி திரும்பி அதற்கடுத்த கோடு. வெளிநாட்டுக்காரர்கள் இதைப் புல் வெட்டும் மெஷினோடு ஒப்பிடுவார்கள். நமக்கு வயலில் ஏர் ஓட்டுவது என்றால் உடனே புரியும். சாலுக்கும் சாலுக்கும் நடுவே எவ்வளவு விடுவது என்பதுதான் முதல் கேள்வி. அங்கேயே ஆரம்பித்துவிடுகிறது பேரம்.

ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். இந்தக் கருவிகள் சாதாரணமாக 3 நாட் வேகத்தில், அதாவது மணிக்கு ஐந்தரை கிலோமீட்டர் வேகத்தில் போகும். நாம் கொஞ்சம் விறுவிறுப்பாக நடக்கிற வேகம். கடல் தரையில் 16 மணி நேரம் வேலை செய்தால் 88 கிலோமீட்டர் கோடு போடலாம். கோடுகளுக்கு நடுவே 1 கிலோமீட்டர் விட்டால் ஒரு முழுக்கில் 88 சதுர கிலோமீட்டர் முடிந்தது. 500 மீட்டர் விட்டால் 44. 200 மீட்டர் என்று நெருக்கினால் 18-க்கும் குறைவு. கப்பலுக்கு நாள் வாடகை ஏறிக்கொண்டே இருக்கும்போது, எந்த எண்ணைத் தட்டத் தோன்றும்?

சரி, வேகத்தைக் கூட்டினால் என்ன? தண்ணீரின் எதிர்ப்பு விடாது. வேகத்தை இரட்டிப்பாக்கினால் தள்ளுவதற்கான சக்தி ஏறக்குறைய எட்டு மடங்கு வேண்டும். பேட்டரி காலி. அதோடு ஒலிக்கும் ஒரு வேகம் இருக்கிறது, கடல் நீரில் நொடிக்குச் சுமார் 1500 மீட்டர். பக்கத்துக்கு 500 மீட்டர் தூரம் பார்க்க வேண்டும் என்று செட் செய்தால், ஒலி போய்த் திரும்ப முக்கால் நொடிக்குக் கொஞ்சம் குறைவாக ஆகும். அது திரும்பி வந்த பிறகுதான் அடுத்த ஒலியை அனுப்ப முடியும். அதற்குள் கருவி ஒரு மீட்டர் நகர்ந்துவிட்டிருக்கும். வேகத்தைக் கூட்டினால் அந்த இடைவெளியும் கூடும். இடைவெளிக்குள் விழுந்தது படத்தில் வராது.

தூரம் அதிகம் பார்க்க வேண்டுமானால் தாழ்ந்த அதிர்வெண் ஒலி வேண்டும். அது தூரம் போகும், ஆனால் நுணுக்கம் தெரியாது. நுணுக்கம் வேண்டுமானால் உயர் அதிர்வெண். அது சீக்கிரமே களைத்துவிடும். தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் போவது என்பதும் ஒரு தலைவலி. மேலே போனால் பாறை இடிக்காது, ஆனால் படம் மங்கும். கீழே போனால் படம் அருமை, ஆனால் எதிரே ஒரு மேடு வந்தால் பல கோடி ரூபாய்ச் சாமான் மூக்கை உடைத்துக்கொள்ளும். இவ்வளவுக்கும் மேலே, சைடு ஸ்கேன் சோனார் என்பது பக்கவாட்டில் டார்ச் அடித்துப் பார்ப்பது மாதிரி. மேட்டுக்குப் பின்னால் நிழல் விழும். நிழலுக்குள் ஒரு விமானமே கிடந்தாலும் தெரியாது. கருவிக்கு நேர் கீழேயும் ஒரு பட்டை சரியாகத் தெரியாது. அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் ஒரே இடத்தை இரண்டு பக்கத்திலிருந்தும் பார்க்கிற மாதிரி கோடுகளை ஒன்றின் மேல் ஒன்று ஏற்றிப் போடுவார்கள். அதற்கு இரண்டு மடங்கு நேரம். மறுபடியும் வாடகை.

கருவி தான் எங்கே இருக்கிறோம் என்று கணக்குப் போடுவது இன்னொரு கதை. தரையை நோக்கி ஒலி அனுப்பி, அது திரும்பி வரும்போது ஏற்படும் மாறுதலை வைத்துத் தன் வேகத்தை அளந்து, அதிலிருந்து போன தூரத்தைக் கூட்டிக்கொண்டே போகும். நல்ல கருவியில் கூட ஆயிரத்தில் ஒரு பங்கு பிசகினால் 88 கிலோமீட்டருக்கு 88 மீட்டர் தள்ளிப் போயிருக்கும். இரண்டு கோடுகளுக்கு நடுவே ஒட்டுவதற்கென்று விட்டிருக்கிற ஓரம் அதைவிடச் சிறியதாக இருந்தால்? வரைபடத்தில் முழுவதும் வண்ணம் அடித்திருக்கும். கடலில் பார்க்காத பட்டை ஒன்று இருக்கும்.

இவ்வளவும் சொன்னது தொழில்நுட்பம் கற்றுக்கொடுக்க அல்ல. "தேடினோம்" என்கிற ஒரே சொல்லுக்குள் எத்தனை சமரசங்கள் அடங்கியிருக்கின்றன என்று காட்டத்தான்.

பி.காம். நண்பர்களுக்கு இது புதிதே இல்லை. ஆடிட்டிங் தாளில் முதல் மாதமே வந்துவிடும். ஆடிட்டர் எல்லா வவுச்சரையும் பார்ப்பதில்லை, சாம்பிள் எடுத்துத்தான் பார்க்கிறார். ஆனால் எதைப் பார்த்தோம், எந்த அளவுக்குப் பார்த்தோம் என்று அவர் எழுதி வைத்தாக வேண்டும். கோடவுனில் சரக்கு இருப்பை நேரில் சரிபார்க்க வழியில்லாமல் போனால் அதையும் எழுத வேண்டும். அதை எழுதாமல் "கணக்கு சரி" என்று கையெழுத்துப் போட்டால் பிற்பாடு அவர் தலை உருளும். ஒரு மளிகைக் கடைக் கம்பெனியின் கணக்குக்கே இந்தக் கறார் என்றால், 29 பேர் எங்கே போனார்கள் என்கிற கேள்விக்கு அதைவிடக் குறைந்த கறார் எப்படிப் போதும்?

இனி உலகறிந்த உதாரணம். ஏர் பிரான்ஸ் 447. 2009 ஜூன் 1-ம் தேதி ரியோ டி ஜெனிரோவிலிருந்து பாரிஸ் போகிற வழியில் அட்லாண்டிக்கில் விழுந்தது. 228 பேர். கடைசியாகத் தெரிந்த இடத்திலிருந்து 40 கடல் மைல் வட்டத்துக்குள்தான் விழுந்திருக்க வேண்டும் என்று கணக்கிட்டார்கள். அதுவே சுமார் 17,000 சதுர கிலோமீட்டர். மேலே போட்ட கணக்கில் 1 கிலோமீட்டர் இடைவெளி வைத்தால் கூட 190-க்கு மேற்பட்ட முழுக்குகள்.

கறுப்புப் பெட்டிகளோடு ஒட்டியிருக்கும் ஒலிக்கருவி தண்ணீரில் விழுந்ததும் 'டிக் டிக்' என்று ஒரு மாதம் ஒலி எழுப்ப வேண்டும். முதல் மாதம் கப்பல்கள் ஒலிவாங்கிகளை இழுத்துக்கொண்டு அதைக் கேட்க முயன்றன. ஒன்றும் கேட்கவில்லை. கேட்காத பகுதியெல்லாம் "இங்கே இல்லை" என்று மனக்கணக்கில் கழிந்துவிட்டது. 2010-ல் ரீமஸ் 6000 என்கிற ஏ.யு.வி.களைக் கொண்டு வந்தார்கள். 6000 மீட்டர் ஆழம் போகக்கூடிய, அந்த நாளில் கிடைத்தவற்றில் தரமான கருவிகள். மிதந்த பாகங்கள் எங்கிருந்து வந்திருக்கும் என்று நீரோட்டத்தைப் பின்னோக்கிக் கணக்கிட்டு வேறொரு பகுதியில் தேடினார்கள். இல்லை.

பிறகு பிரெஞ்சு விசாரணை அமைப்பான பி.இ.ஏ., அமெரிக்காவின் மெட்ரான் நிறுவனத்திடம் ஒரு வேலை கொடுத்தது. அதுவரை செய்த தேடல்கள் எல்லாவற்றையும் எடுத்து, ஒவ்வொன்றையும் எந்த அளவு நம்பலாம் என்று நிகழ்தகவுக் கணக்கு போடச் சொன்னது. அவர்கள் கேட்ட கேள்விகளில் ஒன்று இது: அந்த ஒலிக்கருவிகள் இரண்டுமே வேலை செய்யாமல் போயிருந்தால்? அப்படி வைத்துக்கொண்டதும் வரைபடத்தின் நிறம் மாறிவிட்டது. "பார்த்தாயிற்று" என்று கழித்த பகுதி, கடைசியாகத் தெரிந்த இடத்துக்குப் பக்கத்திலேயே, மறுபடி சிவப்பாக எரிந்தது. 2011-ல் வுட்ஸ் ஹோல் கடலாய்வு நிறுவனத்தார் மறுபடியும் ரீமஸ் 6000 கருவிகளோடு போனார்கள். ஏறக்குறைய ஒரே வாரம். ஏப்ரல் 3-ம் தேதி, சுமார் 3900 மீட்டர் ஆழத்தில், மணல்வெளி மாதிரியான தரையில் விமானம் கிடந்தது. மே மாதம் கறுப்புப் பெட்டிகள் மேலே வந்தன. ஏன் விழுந்தது என்பது அதற்குப் பிறகுதான் தெரிந்தது.

கவனிக்க வேண்டியது இதுதான். 2010-ல் போனதும் ரீமஸ் 6000, 2011-ல் போனதும் ரீமஸ் 6000. கருவி மாறவில்லை, கடல் மாறவில்லை. மாறியது அந்தச் செவ்வகத்தின் நான்கு மூலைகள் மட்டும்! செவ்வகம் மாறக் காரணம், பழைய "இல்லை"யை யாரோ பிரித்துப் பார்க்க முடிந்தது. ஒலிவாங்கி எந்தப் பாதையில் போனது என்கிற குறிப்புகள் பத்திரமாக இருந்ததால்தான் பிரித்துப் பார்க்க முடிந்தது. குறிப்பு இல்லாமல் "அந்தப் பக்கம் தேடியாகிவிட்டது" என்று ஒரு வரி மட்டும் இருந்திருந்தால் மெட்ரான்காரர்கள் எதை வைத்துக் கணக்கு போட்டிருப்பார்கள்?

அடுத்தது எம்.எச். 370. 2014 மார்ச் 8, 239 பேர். மலேசிய விமானம், தேடல் இந்தியப் பெருங்கடலின் தெற்கே. ஏப்ரல் 14-ம் தேதி ஓஷன் ஷீல்டு கப்பலிலிருந்து புளூஃபின்-21 என்கிற ஏ.யு.வி. இறங்கியது. சுமார் ஆறு மணி நேர வேலைக்குப் பிறகு திரும்பி மேலே வந்துவிட்டது. 4500 மீட்டருக்குக் கீழே போகாதே என்பது அதற்கு இட்ட கட்டளை. அங்கே கடல் அதைவிட ஆழம். கட்டளைப்படி வேலையை விட்டுவிட்டு வந்துவிட்டது. உலகம் முழுக்க "தோல்வி" என்று எழுதினார்கள். பாவம், அன்றைக்கு அந்தக் கடலில் சொன்ன பேச்சைக் கேட்டது அது ஒன்றுதான் :-)

தோல்வி என்றால் அது கருவியின் தோல்வி அல்ல. அந்தப் பகுதியின் ஆழம் சரியாகத் தெரியாமல் திட்டம் போட வேண்டியிருந்த நிலைமைதான் அது. அதற்கப்புறம் நடந்ததுதான் சுவாரசியம். ஆழ எல்லையைத் தாண்டிப் போனால் கருவிக்கு என்ன ஆகும் என்று யோசித்து, ஆபத்து சிறியது, ஏற்கலாம் என்று முடிவு செய்து, மறுபடி இறக்கினார்கள். நாலைந்து நாளுக்குள் அது 4695 மீட்டர் வரை போய் வந்தது. ஓர் எண் மாறியது. அந்த எண்ணை மாற்றியது மெஷினின் அறிவு அல்ல, பல கோடி ரூபாய்ச் சொத்தைப் பணயம் வைக்கலாம் என்று யாரோ சில மனிதர்கள் எடுத்த முடிவு. தானியங்கி என்கிற பெயர் அந்த மனிதர்களை மறைத்துவிடுகிறது.

மே மாத இறுதியில், சுமார் 850 சதுர கிலோமீட்டர் தேடியாயிற்று, விமானம் இந்தப் பகுதியில் இல்லை என்று கருதலாம் என்று அறிவித்தார்கள். கருவி ஒழுங்காகத்தான் உழைத்தது. உழைத்த இடம்தான் வேறு.

எம்.எச். 370 விஷயத்தில் ஆஸ்திரேலியர்களைப் பாராட்டியே ஆக வேண்டும். பிற்பாடு 120,000 சதுர கிலோமீட்டர் தேடி, 2017 ஜனவரியில் நிறுத்தினார்கள். விமானம் கிடைக்கவில்லை. ஆனால் அவர்கள் வெறுமனே "இல்லை" என்று சொல்லிவிட்டுப் போகவில்லை. எங்கே மேடுகளுக்குப் பயந்து சோனாரை உயர்த்தியதால் இடைவெளி விழுந்தது, எங்கே நிழல் விழுந்தது, எங்கே படத்தை முழுதாக நம்ப முடியாது என்று பிரித்து வைத்தார்கள். அந்த ஓட்டைகளில் பலவற்றை ஏ.யு.வி.யை இறக்கி அடைத்தார்கள். கடல் தரை வரைபடத்தையும் பொதுமக்களுக்கே வெளியிட்டார்கள். 2018-ல் ஓஷன் இன்ஃபினிட்டி என்கிற தனியார் கம்பெனி வந்தபோது, எங்கே திரும்பத் தேட வேண்டாம் என்று தெரிந்து வேலையை ஆரம்பிக்க முடிந்தது.

அந்தக் கம்பெனியின் ஒப்பந்தம் காமர்ஸ் மாணவர்கள் படிக்க வேண்டிய ஒன்று. கிடைத்தால்தான் காசு, கிடைக்காவிட்டால் ஒரு பைசா கிடையாது. கிடைத்திருந்தால் அதிகபட்சம் 70 மில்லியன் டாலர். ஒரே கப்பலிலிருந்து எட்டு ஏ.யு.வி.களை ஒன்றாக இறக்கினார்கள். சில மாதங்களில் 112,000 சதுர கிலோமீட்டருக்கு மேல் முடித்தார்கள். விமானம் கிடைக்கவில்லை, காசும் கிடைக்கவில்லை. அதே கம்பெனி அதே வருடம் நவம்பரில், முந்தின வருடம் 44 பேரோடு மூழ்கிய அர்ஜென்டினாவின் சான் ஹுவான் நீர்மூழ்கியை 907 மீட்டர் ஆழத்தில் கண்டுபிடித்துவிட்டது.

யோசித்துப் பாருங்கள். சதுர கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று கூலி பேசினால், கோடுகளைத் தள்ளித் தள்ளிப் போடத்தான் கை போகும். கிடைத்தால்தான் காசு என்றால், எது கண்ணில் படாமல் தப்பிவிடுமோ என்கிற பயம் கூலிக்காரருக்கே வந்துவிடும். ஆனால் அதிலும் ஒரு வில்லங்கம் உண்டு. கிடைக்காது என்று தோன்றுகிற மூலையில் பொறுமையாகத் தேட அவருக்கு என்ன அவசியம்? எப்படிக் காசு கொடுக்கிறோம் என்பதும் மறைமுகமாக ஒரு மிஷன் செட்டிங்தான். யாரையும் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. ஒப்பந்தம் எந்த மாதிரியோ, எண்களை வெளியே வைக்க வேண்டிய தேவையும் அந்த மாதிரி.

இதற்கு எதிராக இரண்டு வாதங்கள் வரும். ஒன்று, ராணுவ ரகசியம். கடல் தரை எப்படி இருக்கிறது என்பது நீர்மூழ்கிக் கப்பல்களுக்கு முக்கியமான தகவல், அதை ஊருக்கெல்லாம் சொல்ல முடியாது. நியாயமான பேச்சு. ஆனால் தரையின் படத்தைக் கொடுக்காமலே, இந்தச் செவ்வகத்தில் இத்தனை மீட்டர் இடைவெளியில், இத்தனை உயரத்தில் போனோம், நூற்றுக்கு இத்தனை பங்கு இரண்டு முறை பார்த்தோம், இத்தனை பங்கு பார்க்கவே முடியவில்லை என்று சொல்லலாமே? அதில் என்ன ரகசியம் போய்விடும்? அதையும் ஊருக்குச் சொல்ல வேண்டாம் என்றால், விசாரணை நடத்துகிறவர்களுக்கும் வீட்டாருக்குமாவது காட்டலாம்.

இரண்டாவது வாதம், சாதாரண மக்களுக்கு இதெல்லாம் புரியாது என்பது. இதைக் கேட்டால்தான் எரிச்சல் வருகிறது. பிள்ளையைப் பறிகொடுத்த அப்பா அம்மாவுக்குப் புரியாதது எதுவும் இல்லை. மருத்துவமனையில் படுத்திருக்கிற உறவுக்காரரின் கிரியேட்டினின் எவ்வளவு என்று நம் வீட்டுப் பாட்டிகளே கரெக்டாகச் சொல்கிறார்கள். பார்த்த இடம் பச்சை, அரைகுறையாகப் பார்த்தது மஞ்சள், பார்க்காதது சிவப்பு என்று ஒரே ஒரு படம் போட்டுக் கொடுத்தால் போதாதா?

யார் கையெழுத்துப் போடுவது என்பதற்கும் முன்னுதாரணம் உண்டு. அது வந்தது பனிக்கட்டிக்குக் கீழிருந்து.

பிரிட்டன்காரர்களின் ஆட்டோசப்-2 என்கிற ஏ.யு.வி. 2005 பிப்ரவரியில் அண்டார்டிகாவில் ஃபிம்புல் பனித்தட்டுக்குக் கீழே ஒரு முறை போய்ப் பத்திரமாக வந்தது. இரண்டாம் முறை போனது திரும்பவில்லை. திறந்த கடலில் ஏதாவது கோளாறு என்றால் எடையைக் கழற்றிவிட்டு மேலே வருவதுதான் பாதுகாப்பு. தலைக்கு மேலே நூற்றுக்கணக்கான மீட்டர் பனிக்கட்டி இருக்கும்போது மேலே வருவது என்றால் கூரையில் போய் ஒட்டிக்கொள்வது. ஒரு இடத்தில் உயிர் காக்கிற செட்டிங் இன்னொரு இடத்தில் குழி பறிக்கும். விசாரணை வைத்தார்கள். கருவியே கையில் இல்லாததால் காரணத்தை அறுதியிட்டுச் சொல்ல முடியவில்லை.

ஆனால் அதற்குப் பிறகு அவர்கள் செய்தது பெரிய காரியம். அடுத்த கருவியான ஆட்டோசப்-3-ஐ அனுப்பும் முன்பு, அதுவரை அதில் வந்த கோளாறுகளின் பட்டியலை நிபுணர்கள் பலரிடம் கொடுத்து, ஒவ்வொன்றும் பனிக்குக் கீழே நடந்தால் கருவி தொலைந்துபோக எவ்வளவு வாய்ப்பு என்று எண்ணாகச் சொல்ல வைத்தார்கள். கருவிக்குப் பொறுப்பானவர், எவ்வளவு இழப்பு வாய்ப்பைத் தாங்கத் தயார் என்பதை முன்கூட்டியே சொல்ல வேண்டும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் "போகலாம்" என்ற வார்த்தை. 2009 ஜனவரியில் ஆட்டோசப்-3 பைன் ஐலண்ட் பனியாற்றுக்குக் கீழே ஆறு முறை போய் வந்தது. அந்தப் பனியாறு ஒரு காலத்தில் கடல் தரையில் ஒரு மேட்டின் மேல் உட்கார்ந்திருந்து, பிறகு அதை விட்டு விலகியிருக்கிறது என்பது அந்தப் பயணத்தில்தான் தெரிய வந்தது.

ஒரு கருவி தொலைந்ததற்கே இவ்வளவு கணக்கு எழுதி வைத்தார்கள்.

நம்மிடமும் இப்போது ஆழ்கடலில் வேலை தெரிந்தவர்கள் இருக்கிறார்கள் என்பதில் சந்தேகமே இல்லை. பள்ளிக்கரணைக்காரர்கள் அந்த ஏ.யு.வி.யை 2022 டிசம்பரில் சாகர்நிதி கப்பலிலிருந்து மத்திய இந்தியப் பெருங்கடலில் 5271 மீட்டர் ஆழத்துக்கு இறக்கி, உலோக உருண்டைகள் கிடக்கிற 14 சதுர கிலோமீட்டர் பரப்பை ஆராய்ந்தார்கள். சின்ன விஷயம் இல்லை. கனிமம் தேடும்போது ஒரு பட்டை விட்டுப்போனால் பெரிய நஷ்டம் ஒன்றும் இல்லை, பக்கத்துப் பட்டையை வைத்து ஊகித்துவிடலாம். ஆள் தேடும்போது அந்த ஊகத்துக்கு வழியே இல்லை.

ஏ.என்.-32 விஷயத்தில் 2024-ல் வந்த அறிவிப்பில் ஆழம் இருந்தது, மல்டி பீம் சோனார், சிந்தெடிக் அபர்ச்சர் சோனார், துல்லியமான படங்கள் என்று கருவிகளின் பெயர்கள் இருந்தன. 2016-ல் போன கப்பல்களின் பாதைகளும் எங்காவது ஒரு கோப்பில் இருக்கத்தான் வேண்டும். இரண்டையும் ஒரே வரைபடத்தில் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்தால், அந்த வருடம் ஆகஸ்டில் ஏதாவது ஒரு கப்பல் இந்த இடத்துக்கு நேர் மேலே கடந்து போனதா, போயிருந்தால் அப்போது எந்தக் கருவி எந்த செட்டிங்கில் இருந்தது, போகவில்லை என்றால் எத்தனை கிலோமீட்டரில் தவறவிட்டார்கள் என்பதெல்லாம் ஒரு மத்தியானத்தில் தெரிந்துவிடும். அடுத்த விமானமோ மீன்பிடிப் படகோ காணாமல் போகும்போது செவ்வகம் போடப்போகிறவருக்கு அந்த ஒரு படம்தான் முதலில் தேவைப்படும். 29 வீடுகளிலும் அதைக் கேட்க ஆள் இருக்கிறார்கள்.